விர்ச்சுவல்பாக்ஸைச் சரிசெய்வதா, கேவிஎம்முக்கு மாறுவதா? லினக்ஸ் டெஸ்க்டாப்பில் எடுக்கவேண்டிய முடிவு

நேற்று வரை ஒழுங்காக ஓடிய விஎம் (கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) இன்று கிளம்ப மறுக்கிறது. இடையில் நடந்தது ஒரு சிஸ்டம் அப்டேட் மட்டும்தான். விஎம் ஓட்டுவதற்கான விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளை லினக்ஸ் டெஸ்க்டாப்பில் வைத்திருக்கும் பலருக்கும் இது பழக்கமான கதை. "கெர்னல் டிரைவர் நிறுவப்படவில்லை" என்று 1908 என்ற எண்ணோடு ஒரு பெட்டி வந்து நிற்கும். (கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி.) உள்ளே அவசரமாக எடுக்கவேண்டிய கோப்பு மாட்டிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் பெரும்பாலோர் செய்வது இரண்டில் ஒன்று. விர்ச்சுவல்பாக்ஸை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவார்கள். இல்லையென்றால் "இனி இது ஆகாது" என்று, லினக்ஸிலேயே உள்ள மெய்நிகராக்க வசதியான கேவிஎம்முக்குக் கிளம்பிவிடுவார்கள்.

இரண்டுக்கும் முன்னால் கேட்கவேண்டிய கேள்வி, பழுது எந்த அடுக்கில் இருக்கிறது என்பது. அது தெரியாமல் எடுக்கும் முடிவு குருட்டாம்போக்கில் எடுத்ததாகத்தான் இருக்கும். மறுநிறுவல் பல சமயம் எதையும் தீர்ப்பதில்லை. அவசரமாக மாறினால் புதிய இடத்தில் வேறு வகைப் பழுதுகள் காத்திருக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருமுறை வந்த பழுது என்றால் சரிசெய்துவிட்டு இருக்கிற இடத்திலேயே இருங்கள். ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டுக்கும் அதே பழுது திரும்புகிறது என்றால் கேவிஎம்முக்கு மாறுங்கள். விண்டோஸ் கெஸ்ட்டுக்குள் (விஎம்முக்குள் ஓடும் இயங்குதளம்தான் கெஸ்ட்) முப்பரிமாண கிராஃபிக்ஸ் வேலை நிறைய உண்டு என்றால் மட்டும், விஎம் ஓட்டும் இன்னொரு மென்பொருளான விஎம்வேர் பக்கம் பார்க்கலாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விவரமாக எழுதுகிறேன்.

பழுது எங்கே இருக்கிறது

ஒரு விஎம் ஓட மூன்று அடுக்குகள் வேண்டும். அடியில் இருப்பது செயலியின் மெய்நிகராக்க வசதி. இன்டெலில் அதற்கு விடி-எக்ஸ் என்று பெயர், ஏஎம்டியில் ஏஎம்டி-வி. நடுவில் அந்த வசதியைக் கையாளும் கெர்னல் மாட்யூல், அதாவது கெர்னலோடு சேர்ந்து இயங்கும் நிரல் துண்டு. மேலே நாம் பார்க்கும் ஜன்னல், பட்டன்கள், அமைப்புகள் எல்லாம்.

அடி அடுக்கைச் சோதிப்பது சுலபம். டெர்மினலில் எல்எஸ்சிபியு கட்டளையைக் கொடுத்தால் செயலியின் விவரங்களுக்கு நடுவே விர்ச்சுவலைசேஷன் என்று ஒரு வரி வரவேண்டும். வரவில்லையென்றால் பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புகள்) போய்ப் பாருங்கள். ஏஎம்டி போர்டுகளில் அது பெரும்பாலும் எஸ்விஎம் மோட் என்ற பெயரில் ஒளிந்திருக்கும். பயாஸ் அப்டேட் செய்த பிறகு இந்த அமைப்பு தானாக அணைந்துவிடுவதும் உண்டு. இந்த அடுக்கில் பழுது என்றால் எந்த மென்பொருளுக்கு மாறினாலும் பயனில்லை, எல்லாமே இதை நம்பித்தான் இருக்கின்றன.

மேல் அடுக்கில் வரும் கோளாறுகள் வேறு மாதிரி இருக்கும். விஎம் ஓடும், ஆனால் திரை சின்னதாக இருக்கும். கிளிப்போர்டு வேலை செய்யாது. பகிர்ந்த கோப்புறைக்குள் நுழைய அனுமதி கிடைக்காது. யுஎஸ்பி சாதனங்களின் பட்டியல் காலியாக இருக்கும். இவற்றில் கடைசி இரண்டும் பெரும்பாலும் குழு உறுப்பினர் பிரச்சினைதான். யுஎஸ்பிக்கு ஹோஸ்ட்டில், அதாவது விஎம்மை ஓட்டும் உங்கள் கணினியில், விபாக்ஸ்யூசர்ஸ் குழுவில் உங்கள் பயனர் பெயர் இருக்கவேண்டும். பகிர்ந்த கோப்புறைக்கு லினக்ஸ் கெஸ்ட்டில் விபாக்ஸ்எஸ்எஃப் குழுவில் இருக்கவேண்டும். சேர்த்த பிறகு லாக்-அவுட் செய்து மறுபடி உள்ளே வரவேண்டும், அதைத்தான் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். இதற்காக மென்பொருளையே மாற்றுவது தேவையில்லாத வேலை.

மாற்றத்தைப் பற்றி யோசிக்க வைக்கும் பழுது நடு அடுக்கில்தான் வருகிறது.

கெர்னலுக்கு வெளியே வாழும் மாட்யூல்

விர்ச்சுவல்பாக்ஸின் மாட்யூல்கள் லினக்ஸ் கெர்னலின் பகுதி அல்ல. விபாக்ஸ்டிரைவ் முக்கியமானது, நெட்வொர்க்குக்கு விபாக்ஸ்நெட்எஃப்எல்டி, விபாக்ஸ்நெட்ஏடிபி என்று இன்னும் இரண்டு. கெர்னலின் உள் இடைமுகங்கள் மாறிக்கொண்டே இருக்கும். வெளியே இருக்கும் மாட்யூல்களுக்காக அவை காத்திருக்காது. அதனால் கெர்னல் ஒவ்வொரு முறை மாறும்போதும் இந்த மாட்யூல்கள் அந்தக் கெர்னலுக்கென்று மறுபடி தொகுக்கப்படவேண்டும் (கம்பைல்). டெபியன், உபுண்டு போன்றவற்றில் டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு அதைத் தானாகச் செய்கிறது. தொகுப்பு நின்றுபோனால் காரணம் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, ஹெட்டர் பொதி (மாட்யூலைத் தொகுக்கத் தேவையான கெர்னல் விவரக் கோப்புகள்) இல்லை. புதிய கெர்னல் வந்துவிட்டது, அதற்கான ஹெட்டர் வரவில்லை. உபுண்டுவில் ஹெட்டர்களுக்கான பொதுப் பொதியை நிறுவி வைத்தால் கெர்னலோடு சேர்ந்தே அதுவும் அப்டேட் ஆகும். ஃபெடோராவில் இதற்குக் கெர்னல்-டெவல் என்று பெயர். ஆர்ச்சில் எந்தக் கெர்னலை ஓட்டுகிறீர்களோ அதற்குரிய ஹெட்டரையே நிறுவவேண்டும். எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) கெர்னலை ஓட்டிக்கொண்டு சாதாரணக் கெர்னலின் ஹெட்டரை வைத்திருந்தால் பயனில்லை.

இரண்டாவது, கெர்னல் அப்டேட் ஆகியும் கணினியை மறுதொடக்கம் செய்யவில்லை. ஓடுவது பழைய கெர்னல், டிஸ்க்கில் இருப்பது புதியது. யூநேம் கட்டளை காட்டும் எண்ணை, நிறுவப்பட்ட கெர்னலின் எண்ணோடு ஒப்பிட்டாலே தெரிந்துவிடும்.

மூன்றாவது, கையொப்பமிட்ட நிரலை மட்டுமே ஏற அனுமதிக்கும் செக்யூர் பூட். இதுதான் அதிகம் குழப்புவது, ஏனென்றால் தொகுப்பு வெற்றிகரமாக முடிந்திருக்கும், எந்தப் பிழையும் தெரியாது. ஆனால் கையொப்பம் இல்லாத மாட்யூலைக் கெர்னல் ஏற்றுக்கொள்ளாது. மாட்புரோப் கட்டளையால் விபாக்ஸ்டிரைவை ஏற்றிப் பார்த்தால் சாவி நிராகரிக்கப்பட்டது என்று பொருள்படும் ஒரு வரி வரும். உபுண்டுவில் நிறுவும்போதே ஒரு கடவுச்சொல் கேட்பார்கள். அடுத்த மறுதொடக்கத்தில் நீல நிறத் திரை ஒன்று வந்து, எம்ஓகே சாவியை (மாட்யூலின் கையொப்பத்துக்கான சாவி) சேர்க்கவா என்று கேட்கும். அங்கே சேர்க்கும் தேர்வை எடுத்து அதே கடவுச்சொல்லைக் கொடுக்கவேண்டும். அந்தத் திரை சில நொடிகளே காத்திருக்கும். கவனிக்காமல் விட்டாலும், தொடர்க என்று அழுத்தினாலும் சாவி சேராது. பலர் இந்தக் கட்டத்தில் செக்யூர் பூட்டையே அணைத்துவிடுகிறார்கள். மோக்யூடில் கட்டளை வழியாகச் சாவியைப் பதிவுசெய்ய மறுபடி கேட்டு, ஒருமுறை மறுதொடக்கம் செய்தால் போதும். கெர்னலின் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை.

நான்காவது, கெர்னல் புதிது, விர்ச்சுவல்பாக்ஸ் பழையது. நீண்டகால ஆதரவுள்ள உபுண்டு வெளியீடுகளில் இது அடிக்கடி வரும். டெஸ்க்டாப்புக்கான கெர்னல் அவ்வப்போது புதிய வரிசைக்குத் தாவும், களஞ்சியத்தில் உள்ள விர்ச்சுவல்பாக்ஸ் பொதி பின்தங்கிவிடும். அப்போது தொகுப்பே உடையும். விர்ச்சுவல்பாக்ஸின் சொந்தப் பொதியை நிறுவியிருந்தால் வார்-லாக் அடைவில் விபாக்ஸ்-செட்டப் என்ற பதிவுக் கோப்பில் காரணம் எழுதியிருக்கும். விநியோகத்தின் (உபுண்டு போன்ற உங்கள் லினக்ஸ் வகையின்) பொதி என்றால் டிகேஎம்எஸ் அடைவுக்குள் மேக்-லாக் என்ற கோப்பில். ஹெட்டர் இல்லை என்று இருக்கிறதா, சி மொழிப் பிழை ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். சி பிழை என்றால் உங்கள் பக்கத்தில் தவறு இல்லை. புதிய விர்ச்சுவல்பாக்ஸ் வெளியீடு வரும்வரை, கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து ஏறுங்கள். அவசரக் கோப்பை எடுப்பதற்கும் அதுதான் வேகமான வழி. இன்னொன்று, விநியோகத்தின் பொதியையும், விர்ச்சுவல்பாக்ஸைத் தயாரிக்கும் ஆரக்கிளின் பொதியையும் கலந்து நிறுவாதீர்கள். இரண்டின் எச்சங்களும் ஒரே கணினியில் இருந்தால் எந்த மாட்யூல் ஏறுகிறது என்றே சொல்ல முடியாது.

இந்த நான்கில் முதல் மூன்றும் ஒருமுறை சரிசெய்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். நான்காவது திரும்பத் திரும்ப வரும். உங்களுக்கு வருவது எது என்பதைப் பொறுத்துத்தான் முடிவு.

கெர்னல் 6.12 முதல் வந்த புதிய சிக்கல்

மாட்யூல் சரியாக ஏறியும் விஎம் கிளம்பாத ஒரு நிலை இருக்கிறது. விடி-எக்ஸை வேறொரு ஹைப்பர்வைசர் (விஎம்களை ஓட்டும் மென்பொருள்) பயன்படுத்துகிறது என்று விர்ச்சுவல்பாக்ஸ் புகார் சொல்லும். நீங்களோ வேறு எதையும் ஓட்டவில்லை என்பீர்கள். இருவர் சொல்வதும் உண்மைதான்.

6.12 கெர்னலுக்கு முன்பு கேவிஎம் மாட்யூல் ஏறியிருந்தாலும், அதன் கீழ் ஒரு விஎம் உண்மையில் ஓடத் தொடங்கினால்தான் செயலியின் மெய்நிகராக்க வசதியைக் கைப்பற்றும். 6.12 முதல், மாட்யூல் ஏறும்போதே கைப்பற்றிவிடுவது இயல்பு அமைப்பாக ஆனது. பெரும்பாலான விநியோகங்களில் கணினி ஏறும்போதே கேவிஎம் மாட்யூலும் தானாக ஏறிவிடும். அதனால் விர்ச்சுவல்பாக்ஸ் வந்து கேட்கும்போது இடம் காலியாக இல்லை.

தீர்வு இரண்டு. தற்காலிகமாக என்றால் கேவிஎம்-இன்டெல் அல்லது கேவிஎம்-ஏஎம்டி மாட்யூலை ஓடும் கெர்னலில் இருந்து அகற்றிவிட்டு விர்ச்சுவல்பாக்ஸைத் திறக்கலாம். நிரந்தரமாக என்றால் கிரப் அமைப்பில் கெர்னலுக்கான அளவுருக்களில் கேவிஎம்மின் எனேபிள்-விர்ட்-அட்-லோட் மதிப்பைப் பூஜ்யமாக்கி, கிரப்பை அப்டேட் செய்து மறுதொடக்கம் செய்யவேண்டும். இரண்டாவது வழியை நான் விரும்புவேன். கேவிஎம்மை முழுவதுமாகத் தடைசெய்யும் யோசனை இணையத்தில் நிறையச் சுற்றுகிறது. அப்படிச் செய்தால் ஆண்ட்ராய்டு எமுலேட்டர் போல அதை நம்பியிருக்கும் மற்ற மென்பொருள்களும் படுத்துவிடும்.

கேவிஎம் ஏன் இந்த வலையில் சிக்குவதில்லை

கேவிஎம் லினக்ஸ் கெர்னலின் பகுதி. 2007 பிப்ரவரியில் வந்த 2.6.20 பதிப்பிலேயே அது உள்ளே சேர்ந்துவிட்டது. கெர்னலின் உள் இடைமுகம் மாறினால், மாற்றுகிறவரே கேவிஎம்மின் நிரலையும் சேர்த்து மாற்றவேண்டும். ஹெட்டர் தேவையில்லை, தொகுப்பு இல்லை, கெர்னலோடு சேர்ந்தே கையொப்பமிடப்படுவதால் செக்யூர் பூட் தொல்லையும் இல்லை. கணினியைப் போலி செய்யும் பொறுப்பு கியூஎமுவுக்கு. அதை நிர்வகிப்பது லிப்விர்ட். நாம் கையாளும் ஜன்னல் விர்ட்-மேனேஜர். லினக்ஸ் கெஸ்ட் என்றால், விஎம்களுக்கென்றே உள்ள விர்ட்ஐஓ டிரைவர்களும் கெஸ்ட்டின் கெர்னலுக்குள்ளேயே இருக்கின்றன. கெஸ்ட்டுக்குள் கெர்னல் மாறும்போதும் எதுவும் உடையாது.

கெர்னல் அப்டேட்டைத் தள்ளிப்போடும் பழக்கம் விர்ச்சுவல்பாக்ஸ் பயனர்களிடம் வந்துவிடுகிறது. விஎம் உடையக்கூடாது என்பதற்காகப் பாதுகாப்புத் திருத்தங்களை வாரக்கணக்கில் போடாமல் இருப்பது சரியான பேரம் அல்ல. நீங்கள் அந்த நிலைக்கு வந்துவிட்டீர்கள் என்றால், மாறவேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அதையே அடையாளமாக எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் கேவிஎம் பக்கம் பழுதே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அங்கே பழுதுகள் கெர்னலில் இருந்து வருவதில்லை, அனுமதியிலும் நெட்வொர்க்கிலும் இருந்து வருகின்றன.

முதல் நாளே சந்திக்கப்போவது, இயல்பு நெட்வொர்க் இயக்கத்தில் இல்லை என்ற பிழை. லிப்விர்ட் தனக்கென்று 192.168.122 என்று தொடங்கும் ஒரு நெட்வொர்க்கை வைத்திருக்கிறது. அது சில கணினிகளில் தானாகத் தொடங்குவதில்லை. விர்ட்-மேனேஜரில் இணைப்பு விவரங்களுக்குள் போய் அதைத் தொடங்கி, ஏறும்போதே தொடங்கு என்ற கட்டத்தையும் டிக் செய்துவிட்டால் முடிந்தது.

அடுத்தது ஐஎஸ்ஓ கோப்பு, அதாவது இயங்குதளத்தின் நிறுவல் வட்டுக் கோப்பு. டவுன்லோட்ஸ் கோப்புறையில் இருந்து நேராகக் காட்டினால் அனுமதி மறுக்கப்பட்டது என்று வரும். சிஸ்டம் அளவிலான லிப்விர்ட்டில் கியூஎமு உங்கள் பெயரில் ஓடுவதில்லை, தனிப் பயனராக ஓடுகிறது. அந்தப் பயனருக்கு உங்கள் ஹோம் அடைவுக்குள் நுழைய அனுமதி இல்லை. ஹோமுக்கே எல்லா அனுமதியும் கொடுத்துத் திறந்துவிடுவது ஆபத்து. ஐஎஸ்ஓவை வார்-லிப் அடைவின் கீழ் லிப்விர்ட்டின் இமேஜஸ் கோப்புறைக்கு நகர்த்திவிடுங்கள்.

மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் டாக்கரும் அதே கணினியில் இருந்தால் இன்னொரு விசித்திரத்தைப் பார்ப்பீர்கள். கெஸ்ட்டுக்கு ஐபி முகவரி கிடைக்கும், ஹோஸ்ட்டோடு பேசும், வெளியே மட்டும் போகாது. டாக்கர் வழிமாற்றும் பாக்கெட்டுகளை இயல்பாகவே தடுக்கும்படி ஃபயர்வாலை வைத்துவிடுகிறது. லிப்விர்ட்டின் புதிய பதிப்புகள் என்எஃப்டேபிள்ஸ் என்ற புதிய ஃபயர்வால் முறையில் விதிகளை எழுதுவதால், அவை அந்தத் தடையைத் தாண்ட முடிவதில்லை. எட்சி அடைவில் லிப்விர்ட்டின் நெட்வொர்க் அமைப்புக் கோப்பைத் திறந்து, ஃபயர்வால் பேக்எண்ட் என்ற வரியை ஐபிடேபிள்ஸ் என்று மாற்றி, லிப்விர்ட் சேவையை மறுபடி தொடங்கினால் சரியாகிவிடும்.

அப்புறம், விஎம் மிக மெதுவாக ஓடுகிறது என்றால் கேவிஎம் இல்லாமல் வெறும் கியூஎமு ஓடுகிறதா என்று பாருங்கள். டெவ் அடைவில் கேவிஎம் என்ற கோப்பு இல்லையென்றால், எல்லா வேலையையும் மென்பொருளே போலி செய்யும். விண்டோஸ் ஏறுவதற்குள் பொறுமை போய்விடும். ஹோஸ்ட்டில் பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமை இருந்தால் மெதுவாவதற்கு இன்னொரு காரணம் உண்டு. எழுதும்போதெல்லாம் நகலெடுக்கும் அதன் வழக்கம் பெரிய டிஸ்க் இமேஜ்களுக்கு ஒத்துவராது, கோப்பு துண்டு துண்டாகச் சிதறும். இமேஜ் கோப்புறை காலியாக இருக்கும்போதே சிஹெச்ஏடிடிஆர் கட்டளையால் அந்த வழக்கத்தை அணைத்துவிட்டு, பிறகு இமேஜை உள்ளே கொண்டுவரவேண்டும். ஏற்கனவே எழுதப்பட்ட கோப்புக்கு அந்தக் குறி பலன் தராது.

விர்ச்சுவல்பாக்ஸிலேயே இருக்க நல்ல காரணங்கள்

விஎம்களை விண்டோஸ், மேக் பயனர்களோடு பரிமாறிக்கொள்கிறீர்கள் என்றால் விர்ச்சுவல்பாக்ஸை விடாதீர்கள். பாடத்திட்டத்துக்கோ பயிற்சிக்கோ கொடுக்கப்படும் ஆயத்த இமேஜ்கள் பெரும்பாலும் அதற்காகவே தயாரிக்கப்படுகின்றன. எல்லோரும் ஒரே ஜன்னலைப் பார்க்கும்போதுதான் ஒருவருக்கொருவர் உதவ முடியும்.

வைஃபையில் இருந்தபடி கெஸ்ட்டுக்கு உங்கள் வீட்டு நெட்வொர்க்கிலேயே தனி முகவரி வேண்டும் என்றாலும் விர்ச்சுவல்பாக்ஸ்தான் சுலபம். கெஸ்ட்டை வீட்டு நெட்வொர்க்கோடு இணைக்கும் சாதாரண லினக்ஸ் பிரிட்ஜை வைஃபை அடாப்டரோடு சேர்க்க முடியாது. பெரும்பாலான வைஃபை சாதனங்கள் வேறொரு மேக் முகவரியில் (நெட்வொர்க் அட்டையின் அடையாள எண்) பேச அனுமதிப்பதில்லை. விர்ச்சுவல்பாக்ஸ் கெஸ்ட்டின் மேக் முகவரியை ஹோஸ்ட்டின் முகவரியாக மாற்றி அனுப்பி இதைச் சமாளிக்கிறது. மடிக்கணினியில் வேலை செய்கிறவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. கேவிஎம்முக்கு மாறிய பிறகு பலர் முதலில் தேடுவது இதைத்தான்.

பகிர்ந்த கோப்புறையும் அங்கே எளிது. கேவிஎம்மில் இதற்கு விர்ட்ஐஓ-எஃப்எஸ் இருக்கிறது, வேகமானதும்கூட. ஆனால் முதலில் விஎம்மின் மெமரி அமைப்பில் பகிர்ந்த மெமரியை இயக்கவேண்டும். விண்டோஸ் கெஸ்ட் என்றால் வின்எஃப்எஸ்பியும் அதற்கான சேவையும் நிறுவவேண்டும். விஎம்மின் நிலையைச் சேமித்து வைக்கும் ஸ்னாப்ஷாட்களின் மரத்தைக் கண்ணால் பார்த்து முன்னும் பின்னும் போகும் வசதியிலும் விர்ச்சுவல்பாக்ஸ் ஒரு படி மேலே நிற்கிறது.

விர்ச்சுவல்பாக்ஸ் 7.0 பதிப்பில் யுஎஸ்பி 2, 3 ஆதரவு அடிப்படைப் பொதிக்குள்ளேயே வந்துவிட்டது. அதனால் யுஎஸ்பிக்காக மட்டும் எக்ஸ்டென்ஷன் பேக் என்ற கூடுதல் பொதியை நிறுவிய காலம் போய்விட்டது. அலுவலகக் கணினியில் அந்தப் பேக் இன்னும் இருந்தால் அதன் உரிமத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் கல்விக்கும்தான் அது இலவசம்.

விஎம்வேரும் க்னோம் பாக்ஸஸும்

விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோ 2024 நவம்பர் முதல் எல்லோருக்கும், வணிகப் பயன்பாட்டுக்கும் சேர்த்து, இலவசம். விண்டோஸ் கெஸ்ட்டுக்குள் டைரக்ட்எக்ஸ் 11 வரை முப்பரிமாண முடுக்கம் தருவதுதான் அதன் பலம். கியூஎமுவில் விர்ஜிஎல் மூலமான முடுக்கம் லினக்ஸ் கெஸ்ட்டுக்கு நன்றாக இருக்கிறது, விண்டோஸ் கெஸ்ட்டுக்கு அதை நம்பி இறங்க முடியாது. இரண்டாவது கிராஃபிக்ஸ் கார்டை முழுசாகக் கெஸ்ட்டிடம் ஒப்படைக்கும் விஎஃப்ஐஓ வழி உண்டு. அது தனி வன்பொருளும் தனிப் பொறுமையும் கேட்கும் வேலை.

ஆனால் விர்ச்சுவல்பாக்ஸில் கெர்னல் அப்டேட்டால் சலித்துப்போய் விஎம்வேருக்கு மாறுவதில் அர்த்தமே இல்லை. விஎம்மான், விஎம்நெட் என்ற அதன் மாட்யூல்களும் கெர்னலுக்கு வெளியேதான் இருக்கின்றன. புதிய கெர்னல்களில் அவையும் தொகுக்க மறுக்கும். பயனர்கள் எழுதிய திருத்தங்களைத் தேடி அலையவேண்டியிருக்கும். அதே நோய்தான், மருத்துவமனை மட்டும் வேறு.

க்னோம் பாக்ஸஸ் ஒரு ஐஎஸ்ஓவை ஏற்றிப் பார்த்துவிட்டு மூடுவதற்கு அருமையான கருவி. அடியில் ஓடுவது அதே கேவிஎம், லிப்விர்ட்தான். ஆனால் அது பயனர் அளவிலான லிப்விர்ட் அமர்வில் இயங்குகிறது. அதனால் ஐஎஸ்ஓ அனுமதித் தொல்லை இல்லை. பதிலுக்கு ஹோஸ்ட்டில் இருந்து கெஸ்ட்டுக்குள் எஸ்எஸ்ஹெச் வழியாக நேராக நுழைவது கடினம். பாக்ஸஸில் உருவாக்கிய விஎம் விர்ட்-மேனேஜரில் தெரியவில்லை என்று பதறுகிறவர்கள் உண்டு. எங்கும் போய்விடவில்லை, விர்ட்-மேனேஜரில் பயனர் அமர்வு இணைப்பு ஒன்றைச் சேர்த்தால், பாக்ஸஸை ஃபிளாட்பேக்காக நிறுவாத வரையில், அங்கே தெரியும்.

மாறுவதென்று முடிவெடுத்தால்

மாறும்போது விண்டோஸை மறுபடி நிறுவவேண்டியதில்லை. இருக்கிற டிஸ்க்கையே எடுத்துப் போகலாம், ஆனால் வரிசை முக்கியம்.

விர்ச்சுவல்பாக்ஸ் இன்னும் ஓடும் நிலையில் இருக்கும்போதே, பழைய கெர்னலில் ஏறியாவது, கெஸ்ட்டுக்குள் போய் கெஸ்ட் அடிஷன்ஸை (விர்ச்சுவல்பாக்ஸின் உதவி டிரைவர்கள்) நீக்குங்கள். விண்டோஸில் டிஸ்க் மறைகுறியாக்கம் இயங்குகிறதா என்று பார்த்து, மீட்புச் சாவியை வெளியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சாவிகளைக் காக்கும் டிபிஎம் சாதனம் மாறியவுடன் விண்டோஸ் அதைக் கேட்கும். பிறகு ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட்-டவுன் கொடுங்கள். வேகத் தொடக்கம் இயங்கும் விண்டோஸ் சாதாரணமாக அணைத்தால் முழுசாக அணைவதில்லை. அரைத் தூக்கத்தில் இருக்கும் விண்டோஸை வேறொரு வன்பொருளில் எழுப்புவது வம்பு.

ஸ்னாப்ஷாட் இருந்தால் விடிஐ கோப்பை (விர்ச்சுவல்பாக்ஸின் டிஸ்க் கோப்பு) நேராக மாற்றாதீர்கள். ஸ்னாப்ஷாட் எடுத்த பிறகு நடந்த மாற்றங்கள் வேறு கோப்புகளில் இருக்கும். மூலக் கோப்பை மட்டும் எடுத்தால் பல மாதப் பழைய நிலைதான் கிடைக்கும். விஎம்மின் இப்போதைய நிலையை முழு க்ளோன் எடுத்து, அதன் ஒற்றை விடிஐயை எடுத்துக்கொள்ளுங்கள். அதை கியூஎமு-இமேஜ் கருவியின் கன்வர்ட் கட்டளையால் கியூகவ்2 வடிவத்துக்கு மாற்றி, லிப்விர்ட்டின் இமேஜஸ் கோப்புறையில் வையுங்கள்.

விர்ட்-மேனேஜரில், ஏற்கனவே உள்ள டிஸ்க் இமேஜை இறக்குமதி செய்யும் தேர்வை எடுங்கள். கடைசித் திரையில் நிறுவும் முன் அமைப்புகளை மாற்று என்ற கட்டத்தை டிக் செய்யாமல் முடித்துவிடாதீர்கள், முக்கியமான இரண்டு அமைப்புகளும் அங்கேதான் இருக்கின்றன. ஒன்று ஃபர்ம்வேர். விர்ச்சுவல்பாக்ஸில் ஈஎஃப்ஐ இயக்கியிருந்தால் இங்கும் யூஈஎஃப்ஐ, இல்லையென்றால் பயாஸ். மாற்றிப் போட்டால் பூட் ஆகக்கூடிய டிஸ்க்கே இல்லை என்று கருப்புத் திரை வரும். டிஸ்க் கெட்டுவிட்டதோ என்று வீணாகப் பயப்படுவோம். இன்னொன்று டிஸ்க் பஸ். விண்டோஸுக்கு விர்ட்ஐஓ டிரைவர் தெரியாது. உடனே விர்ட்ஐஓ என்று வைத்தால் பூட் சாதனத்தை அணுக முடியவில்லை என்று சொல்லி விண்டோஸ் விழுந்துவிடும். முதலில் சாட்டா என்று வைத்துக் கிளப்புங்கள். கூடவே ஒரு சின்ன வெற்று டிஸ்க்கை விர்ட்ஐஓவாகச் சேர்த்து, விர்ட்ஐஓ-வின் (virtio-win) என்ற ஐஎஸ்ஓவில் உள்ள டிரைவர்களை நிறுவுங்கள். டிவைஸ் மேனேஜரில் அந்தச் சின்ன டிஸ்க் சரியாகத் தெரிந்ததும் அணைத்துவிட்டு, முக்கிய டிஸ்க்கையும் விர்ட்ஐஓவுக்கு மாற்றலாம். விண்டோஸ் 11 என்றால் டிபிஎம் சாதனம் ஒன்றும் சேர்க்கவேண்டும், எஸ்டபிள்யூடிபிஎம் பொதி அதற்குத்தான். வன்பொருள் மாறியதால் விண்டோஸ் மறுபடி செயல்படுத்தல் (ஆக்டிவேஷன்) கேட்கவும் கூடும்.

லினக்ஸ் கெஸ்ட் பெரும்பாலும் அப்படியே ஏறிவிடும். ஏறிய பிறகு இணையம் இல்லையென்றால் நெட்வொர்க் அட்டையின் பெயரைப் பாருங்கள். விர்ச்சுவல்பாக்ஸில் இஎன்பி0எஸ்3 என்று இருந்தது இங்கே இஎன்பி1எஸ்0 ஆகியிருக்கும். நெட்பிளான் என்ற நெட்வொர்க் அமைப்புக் கோப்பில் பழைய பெயர் எழுதியிருந்தால் அட்டை சும்மா கிடக்கும். டிஸ்க்குகளை இணைக்கும் பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பில் யுயுஐடிக்கு (மாறாத அடையாள எண்) பதிலாக எஸ்டிஏ என்று எழுதியிருந்தாலும் சிக்கல்தான். விர்ட்ஐஓவில் அது விடிஏ ஆகிவிடும்.

புதிய இடத்தில் எல்லாம் சரியாக ஓடுகிறது என்று உறுதியான பிறகு, விர்ச்சுவல்பாக்ஸ் பொதியையும் அதன் டிகேஎம்எஸ் மாட்யூலையும் ஹோஸ்ட்டில் இருந்து நீக்கிவிடுங்கள். பயன்படுத்தாவிட்டாலும் அது ஒவ்வொரு கெர்னலுக்கும் தொகுக்க முயன்றுகொண்டே இருக்கும். டெபியன், உபுண்டுவில் அந்தத் தொகுப்பு தோற்றால் கெர்னல் பொதியின் நிறுவலே பாதியில் நின்று, அடுத்தடுத்த அப்டேட்டுகளும் பிழை காட்டத் தொடங்கும். பழைய விடிஐ கோப்பை மட்டும் ஒரு வெளி டிஸ்க்கில் வைத்திருங்கள், குறைந்தது கெஸ்ட்டுக்குள் இருக்கும் எல்லா மென்பொருளையும் ஒரு சுற்று திறந்து பார்க்கும்வரை.